மருந்துக் கடைக்குப் போகும் முன் வகுப்பறையில் சொல்வோம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் எய்ட்ஸ் பாடம், பரவும் வழிகளையும் தடுக்கும் வழிகளையும் எழுதிப் போட்டதும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாணவர் மனத்தில் இருக்கும் கேள்வி அப்படியே நிற்கிறது.

அம்பத்தூர் பகுதியில் நான் பணியாற்றும் அரசுப் பள்ளியில் கேள்விப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டியதில்லை. அதில் ஒருமுறை வந்த சீட்டு: "உடலுறவுக்கு அப்புறம் ஒரு ஆன்டிபயாடிக் போட்டா எந்த நோயும் வராதாமே, நிஜமா சார்?" தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் அண்ணன்மார் பேச்சில் கேட்டதாக இருக்கலாம். யார் எழுதியது என்று ஆராயாமல், வகுப்பு முழுமைக்கும் பதில் சொன்னேன்.

முதலாவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, ஹெர்பிஸ், எச்.பி.வி. ஆகியவை வைரஸ்கள். அவற்றை அது ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, பாக்டீரியாவால் வரும் நோய்களுக்கும் ஒரே மாத்திரை போதாது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும். சிபிலிஸ் புண் மருந்தே இல்லாமல் சில வாரங்களில் ஆறிவிடும். மாத்திரை போட்டவர், அதனால்தான் ஆறியது என்று நம்புவார். நோயோ உடலுக்குள் தொடரும். கிளமிடியாவும் வெட்டை நோயும், குறிப்பாகப் பெண்களிடம், அறிகுறியே இல்லாமல் இருந்து பின்னாளில் குழந்தையின்மைக்குக் காரணமாகலாம்.

மூன்றாவது, அரைகுறையாக மருந்து உண்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். வெட்டை நோய்க் கிருமி அடுத்தடுத்துப் பல மருந்துகளை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. அட்டையில் சிவப்புக் கோடு உள்ள மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதை மாணவருக்கு ஒரு காலி அட்டையைக் காட்டியே விளக்கலாம்.

அமெரிக்காவில் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு உறவுக்குப் பின் டாக்சிசைக்ளின் தரும் வழிகாட்டுதல் 2024-இல் வந்தது. அதுவும் மருத்துவர் ஆலோசனையோடும் தொடர் பரிசோதனையோடும்தான். எச்.ஐ.வி. தொற்று ஐயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்து உண்டு. அது ஆன்டிபயாடிக் அல்ல. தேவையா என்பதை மருத்துவர்தான் தீர்மானிப்பார். கடை மாத்திரையை நம்பி வீட்டில் இருப்பவர் இழப்பது அந்த 72 மணி நேரத்தைத்தான்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் முன்னெடுத்த ஆய்வில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அவர்கள் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. நோய் அதற்கு முன்பே இங்கு இருந்தது, பரிசோதனைதான் இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். விவரம் வெளியே போகாது. 1097 என்ற எண்ணிலும் கேட்கலாம். பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளை இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. 18 வயது நிரம்பாத மாணவர் தனக்கு நேர்ந்ததாகத் தனியே வந்து சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது நம் கடமை. அதை அந்தப் பிள்ளைக்கு முதலிலேயே பக்குவமாகச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் கூறி, 1098 அல்லது காவல்துறையை அணுகி, மருத்துவ உதவி தாமதமாகாமல் பாருங்கள். திட்டவோ அறிவுரை கூறவோ அது நேரமல்ல.

வெட்கப்படும் பிள்ளைக்கு மருந்துக் கடைதான் எளிதான இடம். அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கக்கூடிய இடமாக நம் வகுப்பறை இருக்கட்டும்.