சொல்லும் சூழலும்

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர் ஒருவர், தமக்குக் கல்வி புகட்டிய தலைமையாசிரியரைப் பாராட்ட விழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பலரும் அறிந்த' என்ற பொருளை மட்டும் மனத்திற்கொண்டு, 'நொட்டோரியஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை அவர் எடுத்தாளுகிறார். அச்சொல்லோ தீச்செயலால் பெயர் பரவியவரையே பெரும்பாலும் குறிப்பது. பாராட்டு பழியாகிவிடுகிறது, விண்ணப்பமும் நகைப்புக்கு இடமாகிறது.

இப்பிழை நேர்வது ஏன்? சொல்லின் பொருளைக் கற்றவர், அது வழங்கும் சூழலைக் கல்லாமையே காரணம். இவ்வுண்மையை அகராதி ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில், சாமுவேல் ஜான்சன் பொருள் விளக்கத்தோடு நில்லாமல், நூலாசிரியர்களின் வாக்கியங்களையும் மேற்கோளாகத் தந்தார்.

அயல்மொழியாகப் பயில்வோர்க்கு மற்றொரு தடையுண்டு. அரிய சொல்லை அதனினும் அரிய சொல்லால் விளக்கினால் பயன் என்ன? டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் இதற்கு வழி கண்டார். அவர் 1935-இல் வெளியிட்ட அகராதி, 1,490 எளிய சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, சொல் வாக்கியத்தில் அமையும் முறையைக் காட்டும் அகராதியை 1942-இல் தம் துணையாசிரியர்களோடு வெளியிட்டார். மாணவர்க்குரிய அகராதிகள் இன்றும் இவ்விரு நெறிகளையும் பின்பற்றுகின்றன.

மாணவர் செய்யத்தக்கது யாது? குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்க. புதிய சொல்லை எழுதி, அதன் பொருளை எளிய ஆங்கிலத்தில் வரைக. அச்சொல்லைக் கண்ட வாக்கியத்தை அதன்கீழ் எழுதுக. பின்னர், தம் வாழ்க்கையோடு இயைந்த வாக்கியம் ஒன்றைத் தாமே அமைக்க. மறுநாளும் மறுவாரமும் பொருளை மறைத்துவைத்து நினைவுகூர்க.

எடுத்துக்காட்டாக, 'டிஸ்இன்ட்ரஸ்டெட்', 'அன்இன்ட்ரஸ்டெட்' என்னும் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கவனமாக எழுதுவோர் முன்னதைத் தன்னலம் கருதாத நடுநிலைக்கும், பின்னதை அக்கறையின்மைக்கும் வழங்குவர். 'நீதிபதி முன்னவராக இருத்தல் வேண்டும். பின்னவராக இருத்தலாகாது' என்று ஒரு வாக்கியம் அமைத்துப் பார்த்தவர், இவ்வேறுபாட்டை எளிதில் மறவார்.

நாளொன்றுக்கு இருபது சொற்களை உருப்போட்டு மறப்பதினும், மூன்று சொற்களைப் பிழையின்றி ஆளப் பழகுவது மேல். எண்ணிக்கை ஏட்டில் இருக்கும்; ஆட்சியோ நாவிலும் எழுதுகோலிலும் விளங்கும்.