பாலைத் தேடினால் பேனாவும் வரும்

வலைப்பக்கத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் படத்துக்கும் இணைப்புக்கும் பின்னால், அதன் பெயர் என்ன, எந்த வகை, அழுத்தினால் எங்கே போகும் என்று சில குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். நிரலாளர்கள் இவற்றை அட்ரிப்யூட் என்பார்கள். குறிப்பின் மதிப்பைச் சொன்னால் அதற்குப் பொருந்துகிற உறுப்புகளை மொத்தமாக அள்ளித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஜேக்வெரி. 2006-இல் ஜான் ரெசிக் அதை வெளியிட்டபோது, பலரும் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு இந்த வித்தை தெரியாது. சிஎஸ்எஸ் தரத்தில் 1998-லேயே இதற்கு விதி இருந்தும் அந்த உலாவி கண்டுகொள்ளவில்லை. நூலகம் தானே பக்கத்தைப் புரட்டித் தேடியது.

சதுர அடைப்புக்குள் அட்ரிப்யூட்டின் பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் மதிப்பு: எழுதும் முறை இவ்வளவுதான். சமக்குறிக்கு முன் ^ இட்டால் 'இப்படித் தொடங்குவது'. $ இட்டால் 'இப்படி முடிவது'. பிடிஎஃப் இணைப்புகளை மட்டும் பொறுக்க $ போதும்.

குழப்பம் * குறிக்கும் ~ குறிக்கும் இடையில்தான். கடைப் பக்கம் ஒன்றில் சரக்கின் பெயர் அட்ரிப்யூட்டாக இருக்கிறது என்று வையுங்கள். *= போட்டு 'பால்' என்று தேடினால் எருமைப் பால் வரும், பால்கோவா வரும், பால்பாயிண்ட் பேனாவும் வரும். பாலாடை வராது! யூனிகோடில் 'ல்' என்பது லகரம், புள்ளி என இரண்டு குறிகள். பாலாடையில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கால் நிற்கிறது. ~= போட்டாலோ, இடைவெளி விட்டு எழுதிய முழுச்சொல்லாகப் 'பால்' இருக்க வேண்டும். எருமைப் பால் மட்டுமே தேறும்.

'சமமில்லை' என்னும் != ஜேக்வெரியின் சொந்தச் சரக்கு, சிஎஸ்எஸ்ஸில் கிடையாது. அதனால் உலாவியின் வேகமான உள்தேடல் இதற்குக் கைகொடுக்காது. அந்த அட்ரிப்யூட்டே இல்லாத உறுப்புகளையும் இது இழுத்து வந்துவிடும். நான் இதைத் தவிர்க்கவே சொல்வேன்.

பலரைத் திணற வைப்பது வேறொன்று. ஊர் கேட்கும் பெட்டியில் 'மதுரை' என்று முன்பே எழுதி வைத்திருக்கிறீர்கள். பயனர் அதை அழித்து 'தேனி' என்று தட்டுகிறார். இப்போது மதிப்பு 'தேனி' உள்ள பெட்டியைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. 'மதுரை' என்று தேடினால் அதே பெட்டி வந்து நிற்கும். அட்ரிப்யூட் என்பது பக்கம் எழுதப்பட்டபோது இருந்த மதிப்பு. பயனர் தட்டியது பெட்டியின் நடப்பு நிலை, அது தனியாகச் சேமிக்கப்படுகிறது. தேடல் முன்னதை மட்டும் பார்க்கிறது. நடப்பு மதிப்பு வேண்டுமானால் பெட்டிகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றின் மதிப்பையும் 'வேல்' செயல்கூறால் கேட்டு வடிகட்ட வேண்டும்.