கூட்டினால் பூஜ்ஜியம், கழித்தால் காந்தம்

புனே நகரம் உட்கார்ந்திருப்பது உறைந்த எரிமலைக் குழம்பின் மேல். ஜங்கிலி மகாராஜ் சாலையில் 8ஆம் நூற்றாண்டில் குடைந்த பாதாளேசுவரர் குகைக் கோயில், வேதாள் குன்றின் பழைய கல்குவாரி, சிங்ககட் கோட்டை நிற்கும் மலை எல்லாமே கறுத்த பசால்ட் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு அது. மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு அதில் பொடிப்பொடியாகக் கலந்திருக்கிறது. குழம்பு ஆறியபோது பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ, அதை அந்தத் துகள்கள் இன்றும் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

1956இல் க்ளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் என்னும் மூவர் இந்தத் தக்காணப் பாறைகளின் காந்தத்தை அளந்து வெளியிட்டார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பின்னர் அந்த வேலையில் இறங்கினார்கள். அன்றைய இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் கிடந்தது என்பது பாறை சொன்ன சேதி. இன்றைய புனே இருப்பதோ வடக்கே 18.5 பாகையில். கண்டங்கள் நகரும் என்றாலே பலர் சிரித்த காலம் அது.

இத்தகைய கல்லை ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடேற்றுவார்கள். 580 பாகை செல்சியஸ் வாக்கில் காந்தம் அடியோடு போய்விட்டால் உள்ளே இருப்பது மேக்னடைட். 675 வரை தாக்குப்பிடித்தால் ஹேமடைட் என்னும் இன்னோர் இரும்பு ஆக்சைடு. டைட்டானியம் கலந்திருந்தால் முன்னதாகவே போய்விடும். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் ஏன் இப்படி?

ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கடுஞ்சூட்டில் அவை கண்டபடி திரும்பி நிற்கும், சராசரி பூஜ்ஜியம். சூடு தணிந்து ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒழுங்கு பிறக்கிறது. எல்லைக்கு மேலே பூஜ்ஜியமாகவும் கீழே பூஜ்ஜியமல்லாமலும் இருக்கும் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்தால் போதும், மாற்றம் முழுவதையும் அதைக் கொண்டே எழுதிவிடலாம் என்று 1937இல் காட்டினார் லெவ் லாண்டாவ். அதுதான் ஒழுங்கு அளவுரு. எந்த அளவைத் தேர்வது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

சாதாரண இரும்பில் அது எளிது. எல்லாக் குட்டிக் காந்தங்களும் ஒரே பக்கம் பார்ப்பதால் மொத்தக் காந்தமே ஒழுங்கு அளவுரு. 770 பாகையில் அது பூஜ்ஜியமாகிறது.

மேக்னடைட் அப்படியல்ல. அதன் அணுக்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து எதிரெதிராக நிற்கின்றன. ஒரு வாய்பாட்டு அலகில் ஓர் அணியின் வலு 5 என்றால் எதிரணியின் வலு 9. நமக்கு எட்டுவது மீதி 4 மட்டுமே. ஒழுங்கின் உண்மையான அளவை அறிய இரண்டையும் கூட்டாமல் கழிக்க வேண்டும். திசை எதிரென்பதால் ஒன்று +9, மற்றது −5: கூட்டினால் அதே 4, கழித்தால் 14. தக்காணப் பாறை காட்டும் காந்தம் உள்ளிருக்கும் ஒழுங்கின் சில்லறைப் பாக்கிதான்!

இரண்டு அணியும் சமபலமானால்? கோலாட்டத்தில் எதிரெதிர் பார்த்து நிற்கும் இரு வரிசைபோல, ஒழுங்கு கச்சிதம். கூட்டிப் பார்த்தால் பூஜ்ஜியம். இதை எதிர் ஃபெர்ரோ காந்தம் என்பார்கள். வெளியே காந்தமானியில் ஒன்றும் தெரியாது. நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீசு ஆக்சைடில் இதை நேரடியாகக் காட்டினார்கள். மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையிலும் இதே முறையில் காந்த அமைப்புகளை ஆராய்கிறார்கள்.

ஹேமடைட் இன்னும் வேடிக்கையான ஆசாமி. அதன் இரு அணிகளும் நேருக்கு நேர் நிற்காமல், ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சாய்வில் கசிவதுதான் அதன் மெல்லிய காந்தம். சுத்தமான ஹேமடைட்டை −13 பாகைக்குக் கீழே குளிர்வித்தால் அந்தக் கசிவும் நின்றுபோகும். எதிரெதிர் ஒழுங்கு மட்டும் அப்படியே நிற்கும். புனே பாஷாணில் உள்ள ஐசர் நிறுவனத்தில் இந்த மெல்லிய காந்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஸ்பின் கண்ணாடி என்றொரு காந்தப் பொருள் வகையில் ஒழுங்கான வரிசையே கிடையாது. ஒவ்வொரு காந்தமும் தன் போக்கில் உறைந்து நிற்கும். நெடுநேரம் கழித்தும் ஒவ்வொன்றும் பழைய திசையிலேயே இருக்கிறதா என்பதையே அங்கே அளவுருவாக்கினார்கள் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும், 1975இல்.

எதிர் ஃபெர்ரோ காந்தத்தை முன்கூட்டியே கணித்த லூயி நீல் 1970இல் நோபல் பரிசு வாங்கினார். இவை கோட்பாட்டளவில் சுவையானவை, ஆனால் பயன் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்பது நோபல் உரையில் அவர் சொன்ன கருத்து. அதில் அவர் கணிப்பு பொய்த்தது. ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனையில், பக்கத்துக் காந்தப் படலம் திசை மாறாமல் இறுக்கிப் பிடித்திருப்பது இரிடியம்–மாங்கனீசு என்னும் எதிர் ஃபெர்ரோ காந்தம்தான்.