அனுமதி என்னும் ஒரு சொல்: குருத்தணு மருத்துவம் சந்தைக்கு வரும் வழி

புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவருக்கு, நீரிழிவால் காலில் ஆறாப் புண் எனக் கொள்வோம். ‘அரசு அனுமதி பெற்ற குருத்தணு மருத்துவம்’ என்னும் விளம்பரத்தைப் பேரன் வாசித்துக் காட்டுகிறான். சேமநிதியில் எஞ்சிய பணத்தை எடுக்கலாமா என்று குடும்பம் எண்ணுகிறது. அந்த முடிவு ‘அனுமதி’ என்னும் ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்துள்ளது.

குருத்தணு என்பது பிறவகை உயிரணுக்களாக மாறவல்ல மூல உயிரணு. அத்தகைய உயிரணுக்களைக் கொண்டு பழுதுற்ற உறுப்பைச் சீராக்க முயல்வது மீளுருவாக்க மருத்துவம். உயிருள்ள அணுவைச் சூடேற்றித் தூய்மை செய்ய இயலாது. கடுங்குளிரில் காக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் தனியே சோதிக்க வேண்டும். ஆதலால் ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியை அடையும் வழி நெடியது.

அவ்வழியில் ‘அனுமதி’ மூன்று பொருள் தருகிறது. முதலாவது, மனிதரிடம் சோதித்துப் பார்க்கும் இசைவு. இரண்டாவது, வரையறைகளுக்கு உட்பட்ட விற்பனை இசைவு. மூன்றாவது, முழுமையான பதிவு.

பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நலமுள்ள கொடையாளரின் எலும்பு மச்சையிலிருந்து ஸ்டெம்பியூசெல் என்னும் மருந்தை உருவாக்கியது. புகையிலைப் பழக்கமுள்ளோரின் கைகால்களில் குருதியோட்டத்தை அடைக்கும் பர்கர் நோய்க்கு, 2016இல் அது வரையறுக்கப்பட்ட இசைவு பெற்றது. கால்களில் குருதியோட்டம் கடுமையாகக் குன்றிய நிலைக்கு அவ்விசைவு 2020இல்தான் விரிந்தது. ஒரு நோய்க்குக் கிடைத்த இசைவு மற்றொரு நோய்க்குச் செல்லாது என்பதற்கு இது சான்று.

இடைக்கால இசைவு நிலைக்காமலும் போகலாம். ஜப்பானில் ஹார்ட்ஷீட் என்னும் இதயத் தசைத் தகடு 2015இல் நிபந்தனையுடன் சந்தைக்கு வந்தது. அதன் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்று வல்லுநர் குழு 2024இல் முடிவு செய்தது.

மலேசியாவில் உயிரணு, மரபணு மருந்துகளைப் பதிவு செய்வது, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பொறுப்பு. 2021 ஜனவரி 1 முதல் அப்பதிவு கட்டாயமாயிற்று. கிளினிக் நடத்தும் உரிமம் வேறு, மருந்தின் பதிவு வேறு. ‘குருத்தணுத் தூள்’ என விற்கப்படும் பானங்களோ இவ்வகை மருத்துவமே ஆகா. உலர்ந்த தூளில் உயிரணு வாழாது. விழுங்கியதை வயிறு செரித்துவிடும்.

ஆகவே விளம்பரத்தைக் கண்டதும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். எதற்கான அனுமதி? எந்த நோய்க்கு? பதிவு எண் எது? சோதனைநிலை மருந்தெனில், ஆய்வில் சேர்வோரிடம் பொதுவாக அதற்கு விலை கேட்பதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

விடை கிடைக்கும்வரை சேமநிதிப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புண்ணை மட்டும் காத்திருக்க விடலாகாது. தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு கிளினிக்கிலோ அன்றே காட்டுதல் வேண்டும். சொல்லின் பொருளைப் பிரித்தறியும் கல்வி, சில வேளைகளில் ஒரு காலையே காக்கும்.