எலிக்குத் திரும்பிய ஞாபகம் அப்பாவுக்கும் திரும்புமா?

மலைக்கோட்டைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் நீர்ப்பிரமிப் பொடி பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக மட்டும் விற்பதில்லை. சாவி வைத்த இடம் மறக்கும் பெற்றோருக்காகவும் வாங்கிப் போகிறார்கள். இதே திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீர்ப்பிரமிச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாறு குடித்த எலிகள் கற்றதை நன்றாக நினைவில் வைத்திருந்தன. மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மாற்றங்களும் தெரிந்தன. நம் ஊருக்குப் பெருமையான வேலைதான். ஆனால் அவை இளம் எலிகள். முதுமை மறதிக்கு அதை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கிழட்டு எலியின் நீச்சல்

ஆய்வுக்கூட எலி இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் வாழும். 24 மாதம் ஆனால் அது கிழம். அதன் ஞாபகத்தை அளக்க நரம்பியல் விஞ்ஞானி ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் அறிமுகப்படுத்திய தண்ணீர்த் தொட்டிச் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வட்டத் தொட்டியில் பாலோ வெள்ளைச் சாயமோ கலந்து நீரைக் கலங்கலாக்குவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். இள எலி சில நாள் பழகியதும், அறையிலுள்ள அடையாளங்களைப் பார்த்து நேராக அங்கே நீந்திப் போய் ஏறிவிடும். கிழ எலிகளில் பல சுற்றிச் சுற்றி வரும். மருந்து கொடுத்தபின் சீக்கிரம் வந்தால் ஞாபகம் கூடியது என்று உடனே எழுதிவிட மாட்டார்கள். கண் மங்கியிருக்கலாம், கால் தளர்ந்திருக்கலாம். அதனால் மேடை கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் ஒருமுறை நீந்தவிடுவார்கள்.

சுண்டெலியில் ஜெயித்த தடுப்பூசி

எலிக்கு இயல்பாக அல்சைமர் எனும் மறதி நோய் வருவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தி அதுபோன்ற நிலையை உண்டாக்குகிறார்கள். அப்படிப்பட்ட சுண்டெலிகளில் 1999-இல் ஒரு தடுப்பூசி மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதைத் தடுத்தது. மனிதர்களுக்குப் போட்டபோது சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளை அழற்சி வந்து, 2002-இல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்சைமர் மருந்தான டோனபெசில் இன்றும் எழுதித் தரப்படுகிறது. அறிகுறிகளை ஓரளவு தணிக்கும், நோயை நிறுத்தாது. நீர்ப்பிரமியை மனிதர்களிடம் பார்த்த சோதனைகள் சிறியவை. சிலவற்றில் 12 வாரத்துக்குப் பின் நினைவில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

பொடிக்கு முன் ரத்தப் பரிசோதனை

2023-இல் வெளியான தேசிய ஆய்வு, 60 வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆனால் மறதி எல்லாமே அந்த நோய் அல்ல. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும், இவை சரிசெய்யக்கூடியவை. ஸ்ரீரங்கத்தில் தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் வீடுகள் பி12-ஐ அவசியம் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டாக எடுப்பவர்களுக்கும் அது குறையலாம். டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.