புதிய வார்டு எந்தப் பக்கம் முளைக்கும்?

மாணவர்களே, திகாம் பத்து வட்டாரத்தில் வசிப்போருக்குச் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை தெரியாத இடமல்ல. தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த மருந்துதான் முதல் சிகிச்சை. பிறகு தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கைப் பட்டாணி கெடாவிலேயே மக்கள் அதிகம் வாழும் நகராயிற்று. பழைய மருத்துவமனை போதாமல் பண்டார் அமான்ஜெயாவில் இப்போதைய வளாகம் எழுந்தது. இப்படிப்பட்ட வளாகத்தை 20 ஆண்டுகளுக்குப் பிறகு எவ்வளவு பெரிதாக்க வேண்டியிருக்கும்?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. ஆண்டுக்கு 30,000 பேர் சேர்கிறார்கள், சராசரியாக 4 நாள் தங்குகிறார்கள் என்றால் 1,20,000 படுக்கை நாள்கள். 365-ஆல் வகுத்தால் 329 படுக்கைகள். ஆனால் அத்தனையும் தினமும் நிரம்பியிருந்தால், டிங்கி பரவும் வாரத்தில் வருபவரை எங்கே படுக்க வைப்பது? அதனால் 85 விழுக்காடு நிரம்பினால் போதும் என்று திட்டமிடுவார்கள். 329-ஐ 0.85-ஆல் வகுத்தால் 387.

நோயாளிகள் ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடினால் 20 ஆண்டில் 575 படுக்கைகள் வேண்டும். ஆனால் சிறுதுளை அறுவை சிகிச்சை பெருகி, தங்கும் காலம் 3 நாளாகக் குறைந்தால் 431 போதும். இடையில் 144 படுக்கைகள்! கூடுதலாகக் கட்டினால் வார்டுகள் வெறுமனே கிடக்கும்; குறைத்துக் கட்டினால் நடைபாதையில் கட்டில் போட வேண்டிவரும். எது நடக்கும் என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே, 'எத்தனை' என்பதைவிட 'எந்தப் பக்கம் வளரலாம்' என்பதை முதலில் முடிவு செய்வதே புத்திசாலித்தனம்.

லண்டனில் 1970-இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனையை வடிவமைத்த ஜான் வீக்ஸ் இப்படித்தான் யோசித்தார். நடுவே தெருவைப் போல நீண்ட நடைபாதை. அதிலிருந்து கிளை பிரியும் கட்டடங்கள். கிளையின் நுனியை அடைக்காமல் விட்டால், மரம் வளர்வதைப் போலக் கட்டடமும் நீளலாம்.

அந்த நுனியில் எதை வைக்கக் கூடாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் அறையின் கான்கிரீட் சுவர் சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் தடித்திருக்கும். எம்.ஆர்.ஐ. கருவிக்குக் கனமான காந்தமும் அதிர்வில்லாத தரையும் தேவை. இவற்றை ஓர் இடத்தில் வைத்துவிட்டால் நகர்த்துவது பெரும்பாடு. வளர்ச்சிக்கான வழியே அடைபட்டுவிடும். அலுவலகம், பண்டகசாலை போன்றவற்றை ஒரு வார இறுதியில்கூட மாற்றிவிடலாம். எனவே அறுவை அறைக்குப் பக்கத்தில் பண்டகசாலையை வைப்பார்கள். நாளைக்கு அது வெளியேறும், அறுவை அறை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நிலத்தடிக் குழாய்களையும் மறக்கக் கூடாது. பின்னால் தோண்டுவதென்றால், நோயாளிகள் உள்ளே இருக்கும்போதே தண்ணீரை நிறுத்த வேண்டும். முதலிலேயே பெரிய குழாய் பதிப்பது மலிவு.

சுற்றிலும் ஊர் நெருக்கிவிட்டால்? தமிழ்நாட்டின் வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை நகரத்துக்குள் நெருக்கடியில் சிக்கியது. கடைசியில் ராணிப்பேட்டையில் தனி நிலத்தில் பெரிய வளாகம் கட்டி, 2022-இல் அங்கே பணியைத் தொடங்கியது.

அடுத்த முறை உறவினரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனால், நீண்ட நடைபாதையின் கடைசிவரை நடந்து பாருங்கள். அதற்கு அப்பால் இருப்பது புல்தரையா, கார் நிறுத்துமிடமா, எக்ஸ்ரே அறையின் சுவரா?