மாய உலகச் சந்தையும் நம் சிறுவர்களும்

கொடுக்கல் வாங்கல் என்பது மனித சமுதாயத்தோடு உடன்பிறந்த வழக்கமாகும். நாணயம் தோன்றுவதற்கு முன்னரே நெல்லுக்கு உப்பும், பருத்திக்கு எண்ணெயும் கைமாறின. கோலிக் குண்டையும் பட்டத்து நூலையும் தம் தோழரோடு மாற்றிக்கொள்ளாத சிறுவர் எவ்வூரிலும் இரார். இக்காலத்தில் அவ்வழக்கம் கைப்பேசியின் திரைக்குள்ளும் புகுந்துவிட்டது. இணையத்தின் வழியே சிறுவர்கள் ஒன்றுகூடி விளையாடும் மாய உலகங்களில் நாள்தோறும் எண்ணற்ற பண்டமாற்றுகள் நடைபெறுகின்றன. அவற்றின் ஊடே வஞ்சகமும் நடைபெறுகிறது. கைப்பேசி கிராமங்களிலும் பரவிவிட்ட இந்நாளில், இவ்வஞ்சகத்தின் வழிமுறைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மாய உலகம் என்பது யாது?

ஒரு சிறுவன் தன் கைப்பேசியில் தனக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொள்கிறான். அவ்வுருவம் திரையில் தோன்றும் ஊரில் நடமாடுகிறது, பிற நாடுகளில் உள்ள சிறுவர்களின் உருவங்களைச் சந்திக்கிறது, உரையாடுகிறது, பொருள் சேர்க்கிறது. இதுவே மாய உலகம் எனப்படுவது. இத்தகையவற்றுள் இன்று மிகவும் பெயர்பெற்றது 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ‘ரோப்லாக்ஸ்’ ஆகும். அதனுள் வழங்கும் செலாவணிக்கு ‘ரோபக்ஸ்’ என்று பெயர். அதை உண்மையான பணம் கொடுத்தும் வாங்கலாம்.

ரோப்லாக்ஸில் உள்ள பல விளையாட்டுகளுள் ‘அடாப்ட் மீ’ என்பது ஒன்று. 2017-இல் தோன்றிய இவ்விளையாட்டில் சிறுவர்கள் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, அவற்றிலிருந்து வெளிவரும் வளர்ப்புப் பிராணிகளுக்கு உணவூட்டி, நீராட்டி, உறங்கவைத்து வளர்க்கின்றனர். ஒரே இனத்தைச் சேர்ந்த நான்கு பிராணிகளை முழு வளர்ச்சி அடையச் செய்து ஒன்றாக இணைத்தால் ஒளிவீசும் பிராணி ஒன்று கிடைக்கும். அவ்வாறான நான்கை மீண்டும் வளர்த்து இணைத்தால் அதனினும் சிறந்த வேறொன்று கிடைக்கும். ஆக, பதினாறு பிராணிகளை வளர்த்த உழைப்பு ஒரே உருவில் அடங்குகிறது. சில பிராணிகள் குறிப்பிட்ட பண்டிகைக் காலத்தில் மட்டுமே கிடைப்பவை. அதனால் பின்னர் அவை அரிதாகி மதிப்பில் உயர்கின்றன. மதிப்பு உயர்ந்த இடத்தை நாடி வஞ்சகரும் வந்து சேர்கின்றனர்.

பொம்மைப் பொருளுக்கு மதிப்பு உண்டா?

“திரையில் தோன்றும் படந்தானே, போனால் போகட்டும்” என்று கூறும் பெரியோர் உளர். நெதர்லாந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்வாறு கருதவில்லை. ‘ரன்ஸ்கேப்’ என்னும் மாய உலகில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் சேர்த்து வைத்திருந்தான். 2007-ஆம் ஆண்டில் இரு இளைஞர்கள் அவனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, அப்பொருள்களைத் தம் கணக்கிற்கு மாற்றிக்கொண்டனர். அவை கையால் தொட முடியாதவை, ஆதலால் திருட்டு ஆகாது என்று எதிர்த்தரப்பில் வாதிடப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அந்நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. சிறுவன் அவற்றைப் பெறுவதற்காகக் காலமும் முயற்சியும் செலவிட்டிருக்கிறான். அவை அவனுடைய ஆளுகையில் இருந்தன. ஆதலின் அவற்றைப் பறித்தது திருட்டே என்று தீர்ப்பளித்தது. குழந்தை தன் இழப்பைச் சொல்லி அழும்போது நகைப்பவர்கள் இத்தீர்ப்பை நினைவிற் கொள்ளவேண்டும்.

வஞ்சகத்தின் வகைகள்

இவ்வுலகங்களில் நடைபெறும் மோசடிகள் பல பெயர்களால் வழங்கினும், அவற்றைப் பெரும்பாலும் நான்கு வகையுள் அடக்கலாம்.

முதலாவது, ‘நம்பிக்கை மாற்று’. “உன் பிராணியை முதலில் என்னிடம் கொடு, என்னுடையதை அடுத்த முறையில் தருகிறேன்” என்று ஒருவன் கேட்பான். “உன்னுடைய மூன்றையும் கொடு, என்னிடம் உள்ள ஒன்றோடு சேர்த்து ஒளிவீசும் பிராணியாக்கித் தருகிறேன்” என்பதும் இவ்வகையே. “நீ என்னை நம்பவில்லையா? நாம் நண்பர்கள் அல்லவா?” என்ற சொற்கள் தவறாமல் உடன்வரும். பொருள் கைமாறியவுடன் அவன் மறைந்துவிடுவான்.

இரண்டாவது, ‘இரட்டிப்பு’. பத்துக் காசு கொடுத்தால் இருபதாகத் தருவதாக அறிவித்து, முதலிரண்டு முறை சிறு தொகையை உண்மையாகவே இரட்டித்துத் தருவர். ஆசை முற்றிச் சிறுவன் தன் சேமிப்பு முழுவதையும் கொடுக்கும்போது அது திரும்பி வாராது. தூண்டிலில் இரை கோத்து மீன் பிடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

மூன்றாவது, ‘கடைசி நொடி மாற்றம்’. பண்டமாற்றுப் பலகையில் உயர்ந்த பொருளை வைத்துக் காட்டி, ஏதோ காரணம் சொல்லி அதை எடுத்துவிட்டு, தோற்றத்தில் ஒத்திருக்கும் மலிவான பொருளை வைத்துவிடுவர். “விரைந்து அழுத்து, எனக்கு நேரமில்லை” என்று அவசரப்படுத்துவதும் உண்டு.

நான்காவது வகையே எல்லாவற்றினும் கொடியது. இதில் வஞ்சகன் ஒரு பொருளைக் கேட்பதில்லை, கணக்கையே கேட்கிறான். “இலவச ரோபக்ஸ் பெற இங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதுக” என்னும் போலி இணையப் பக்கங்கள் இத்தகையவை. இலவசமாக ரோபக்ஸ் உண்டாக்கித் தரும் பக்கம் எதுவும் கிடையாது. 2007-ஆம் ஆண்டில், ‘ஹாபோ ஹோட்டல்’ என்னும் மாய விடுதியில் சிறுவர்கள் வாங்கி வைத்திருந்த மேசை நாற்காலிகளை இவ்வாறு போலிப் பக்கங்களால் கடவுச்சொல்லைப் பெற்றுக் கவர்ந்ததாக, நெதர்லாந்தில் 17 வயது இளைஞன் ஒருவன் கைது செய்யப்பட்டான். அவற்றின் மதிப்பு சுமார் 4,000 யூரோ. நம் வீடுகளில் குழந்தை விளையாடும் கைப்பேசியிலேயே பெற்றோரின் வங்கிக் கணக்கும் இணைந்திருப்பது உண்டு. ஆதலின் குழந்தையின் விளையாட்டிற்காக வந்த வஞ்சகன் குடும்பத்தின் சேமிப்பு வரை கைநீட்டக் கூடும்.

காத்துக்கொள்ளும் முறை

இந்நான்கினையும் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். விளையாட்டை அமைத்தோர் பண்டமாற்றுக்கென ஒரு பலகையை அமைத்திருக்கின்றனர். அடாப்ட் மீ விளையாட்டில் இருவரும் தத்தம் பொருளை அப்பலகையில் வைத்து, இசைவு தெரிவித்து, மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதி செய்த பின்னரே இரண்டும் ஒரே கணத்தில் கைமாறும். அரிய பிராணிகளை மாற்றிக்கொள்ள விரும்புவோர் மோசடிகளைப் பற்றிய சிறு தேர்வு ஒன்றில் தேறி உரிமம் பெறவும் வேண்டும். நம் சந்தையில் மாடு விற்பவர் தொகையை எண்ணி வாங்கிய பிறகே கயிற்றைக் கைமாற்றுவதை ஒத்தது இம்முறை. ஒரு மாற்றை இரண்டாகப் பிரிக்கச் செய்வதும், பலகைக்கு வெளியே இழுத்துச் செல்வதும், பலகையைப் பார்க்கவிடாமல் அவசரப்படுத்துவதுமே வஞ்சகனின் தொழில். எனவே குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டிய விதிகள் சிலவே:

1. இரு பொருளும் ஒரே பலகையில், ஒரே வேளையில் மாறவேண்டும். “பிறகு தருகிறேன்” என்பது மாற்று ஆகாது.

2. உறுதி செய்யுமுன் பலகையை மறுபடியும் முழுமையாகப் பார்க்கவேண்டும். அவசரப்படுத்துபவனோடு மாற்று வேண்டாம்.

3. விளையாட்டுப் பொருளைப் பணத்திற்கோ, வேறு விளையாட்டின் பொருளுக்கோ மாற்றுவதைத் தவிர்க்கவேண்டும். அங்கே இரு பொருளையும் ஒருங்கே காக்கும் பலகை இல்லை.

4. கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எவரிடமும் கூறலாகாது. “நான் நிர்வாகத்தைச் சேர்ந்தவன்” என்று கேட்பவனும் வஞ்சகனே. உண்மையான நிர்வாகத்தார் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை.

5. கணக்கிற்கு இரட்டைச் சரிபார்ப்பு முறையை அமைத்தல் வேண்டும். அப்போது கடவுச்சொல் மட்டும் தெரிந்தவன் எளிதில் உள்ளே நுழைய இயலாது.

ஏமாந்த பிறகு

தானே மனமிசைந்து கொடுத்துவிட்ட பொருளை விளையாட்டை நடத்துவோர் பொதுவாக மீட்டுத் தருவதில்லை. ஆயினும் வாளாவிருத்தல் கூடாது. உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விளையாட்டிலேயே உள்ள புகார் வசதியின் மூலம் அந்நபரைப் பற்றித் தெரிவிக்கவேண்டும். கடவுச்சொல் வெளிப்பட்டிருந்தால் உடனே அதனை மாற்றவேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருப்பின் 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்குக் காலதாமதமின்றித் தெரிவிப்பது நன்று; விரைந்து தெரிவித்தால் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. எவரேனும் குழந்தையை மிரட்டினாலோ, தகாத படங்களைக் கேட்டாலோ, குழந்தைகள் உதவி எண்ணாகிய 1098-ஐ அழைக்கலாம்.

இவை யாவற்றினும் முக்கியமானது குழந்தை வீட்டில் வாய்திறந்து சொல்வதாகும். ஏமாந்த குழந்தை முதலில் அஞ்சுவது வஞ்சகனுக்கு அன்று; தந்தையின் கோபத்திற்கும், கைப்பேசி பறிபோய்விடுமே என்பதற்குமே. அவ்வச்சத்தால் அது செய்தியை மறைக்கிறது. இழந்ததை எவ்வாறேனும் மீட்க எண்ணி அதே வஞ்சகனிடம் மீண்டும் செல்கிறது. முதலில் பிராணியை இழந்தது, பின்னர்க் கடவுச்சொல்லையும் இழக்கிறது. “ஏன் கொடுத்தாய்?” என்று அதட்டுவதை விடுத்து, “எவ்வாறு கேட்டான், சொல்” என்று வினவும் வீட்டில் இரண்டாவது இழப்பைத் தடுக்க வழியுண்டு.

வாரத்தில் ஒருநாள் குழந்தையின் அருகில் அமர்ந்து, “நீ வளர்க்கும் பிராணியை எனக்குக் காட்டு, இவ்வாரம் எதை எதற்கு மாற்றினாய்?” என்று பெற்றோர் கேட்கலாம். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்ய இயலும். குழந்தையே ஆசிரியராகி விளக்கும். பள்ளி ஆசிரியர்களும் மாணவரை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் வஞ்சகராகவும் மற்றவர் விளையாடுபவராகவும் நடிக்கச் செய்து மேற்கூறிய விதிகளைப் பழக்கலாம். பேரம் பேசவும், பொருளின் தரம் அறியவும், பொய்யுரையை அடையாளங் காணவும் இளமையிலேயே கற்றுக்கொண்ட சிறுவன், நாளை உண்மையான சந்தையில் விளைபொருளை விற்கச் செல்லும்போதும் ஏமாறாதிருக்கக் கற்றவனாவான். இன்று அவன் இழப்பது ஒரு திரைப் பிராணியாயினும், அதனைப் பற்றி நம்மிடம் பேசும் துணிவை அவன் இழந்துவிடாமல் காத்தல் நம் கடமையாகும்.